பழியைப் பங்கு போடுகிறவர்கள்: அமெரிக்க பட்ஜெட் சண்டைகளில் மிதவாதிகளுக்கு என்ன வேலை?

2009 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அமெரிக்க செனட்டில் மாலையில் தொடங்கிய ஒரு வாக்கெடுப்பு ஐந்து மணி நேரத்துக்கு மேல் முடியாமல் கிடந்தது. யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரே ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். ஒஹாயோ செனட்டர் ஷெராட் பிரௌன், இறந்துபோன தாய்க்கு அஞ்சலி செலுத்த ஊருக்குப் போயிருந்தார். அங்கிருந்து விமானத்தில் வந்து, 60-ஆவது வாக்கைப் போட்டுவிட்டு, மறுநாள் இறுதிச் சடங்குக்காக அன்றிரவே திரும்பிப் போனார். அந்த ஒரு வாக்கில் 78,700 கோடி டாலர் பொருளாதார ஊக்கத் திட்டம் கரையேறியது.

செனட்டில் 100 இடங்கள். 51 போதாதா என்று தோன்றும். ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வருவதற்கே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சி அணியிடம் அப்போது 58 பேர். எட்வர்ட் கென்னடி உடல்நலமில்லாமல் வரவில்லை, ஆக 57. மீதி மூன்று வாக்குகள் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து வந்தன: மெயின் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர். பிரதிநிதிகள் சபையில் அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை.

மூவரும் சும்மா வரவில்லை. தொகை 80,000 கோடி டாலருக்குக் கீழே இறங்கினால்தான் வருவோம் என்றார்கள். காலின்ஸும், நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் பென் நெல்சனும் உட்கார்ந்து மசோதாவை வரி வரியாக வெட்டினார்கள். பள்ளிக் கட்டடங்களுக்கான தனி நிதி போனது. மாநில அரசுகளுக்கான உதவி சுருங்கியது.

அந்த வெட்டு சரியா? தவறு என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வருமானம் குறைந்துபோன மாநில, உள்ளாட்சி அரசுகள் அடுத்த சில ஆண்டுகளில் ஆசிரியர்கள் உட்பட லட்சக்கணக்கான ஊழியர்களைக் குறைத்தன. அந்த நேரத்தில் மாநிலங்களுக்கான பணத்தில் கைவைத்தது மோசமான இடத்தில் விழுந்த கத்தரி. 80,000 கோடி என்ற வரம்புக்கும் பொருளாதாரத்தின் தேவைக்கும் பெரிய தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. காதில் விழும்போது உறுத்தாத ஓர் எண், அவ்வளவுதான்.

இப்படி இரு கட்சிகளுக்கும் நடுவில் நிற்கும் மிதவாதிகளுக்காகப் பேச வந்துவிட்டு அவர்கள் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேனே என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ‘இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுவார்கள், உண்மை நடுவில் இருக்கும்’ என்பதுதான் மிதவாதிகளுக்காக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். அது நிற்காது. உண்மைக்கு நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதே காலின்ஸை 12 ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். 2021 தொடக்கத்தில் கொரோனா நிவாரணத்துக்கு அதிபர் ஜோ பைடன் 1.9 லட்சம் கோடி டாலர் கேட்டார். காலின்ஸ் தலைமையில் பத்து குடியரசுக் கட்சி செனட்டர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், சுமார் 61,800 கோடி டாலர் என்று ஒரு மாற்றுத் திட்டத்தை நீட்டினார்கள். பைடன் ஏற்கவில்லை. மார்ச் மாதம் எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் அவருடைய திட்டம் நிறைவேறியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். அதில் விநியோகச் சிக்கலுக்கு எவ்வளவு பங்கு, உக்ரைன் போருக்கு எவ்வளவு, இந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் செலவுக்குப் பங்கே இல்லை என்று சொல்பவர்கள் குறைவு.

ஆக, காலின்ஸ் இரண்டு தடவையும் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். முதல் தடவை காலத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது தடவை அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. எப்போதும் ஒரே மருந்தை எழுதித் தருகிற வைத்தியருக்குச் சில நோயாளிகள் பிழைப்பதைப் போல. தொகையை வைத்து மிதவாதிகளை அளந்தால் அவர்களுக்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைக்கும். அவர்களுடைய பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

பணத்துக்கு ஒரு வசதி உண்டு: அதைப் பிரிக்கலாம். மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் பாதி வழி கிடையாது. நூறு கேட்பவருக்கும் அறுபதுதான் தருவேன் என்பவருக்கும் இடையில் எண்பது எப்போதும் இருக்கிறது. (பாதிப் பணத்தில் பாதிப் பாலம் கட்டினால் அதில் யாரும் ஆற்றைக் கடக்க முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.) இன்னொன்று, இந்தச் சண்டை ஒரு தடவையோடு முடிவதில்லை. அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், ஒவ்வொரு வருடமும். இந்த வருடம் யாரை மிதித்துவிட்டு ஜெயிக்கிறோமோ, அவரிடமே அடுத்த வருடம் வாக்கு கேட்டுப் போக வேண்டியிருக்கும்.

அப்புறம், இந்த ஆண்டுச் சண்டை எதைப் பற்றியது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு செலவழித்தது சுமார் 6.8 லட்சம் கோடி டாலர். அதில் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வாக்களித்து ஒதுக்குவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, ராணுவத்தையும் சேர்த்து. மீதி எல்லாம் முன்பே போட்ட சட்டங்களின்படி தானாகப் போகிறது: முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், மெடிகேர், மெடிகெய்ட் மருத்துவத் திட்டங்கள், கடனுக்கான வட்டி. வட்டி மட்டுமே சுமார் 88,000 கோடி டாலர். ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. பற்றாக்குறையோ 1.8 லட்சம் கோடி டாலர். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற கூச்சலெல்லாம் அந்தக் கால் பங்கைச் சுற்றித்தான். முக்கால் பங்கைத் தொட எந்தக் கட்சிக்கும் தனியாகத் துணிச்சல் வராது. தொட்டவர் அடுத்த தேர்தலில் காலி.

மிதவாதிகள் தேவைப்படுவது இங்கேதான். வரியை ஏற்று, சலுகையைக் குறை என்று சொல்லும் எந்த முடிவுக்கும் ஒரு பழி உண்டு. இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் கத்தியில் கைவைத்தால் அந்தப் பழி பங்காகிவிடும். தேர்தல் விளம்பரத்தில் யாரும் யாரையும் பார்த்துக் கைகாட்ட முடியாது. சட்டமும் ஆட்சி மாறினால் செத்துப்போகாது. அந்தப் பங்கு போடுகிற வேலையைச் செய்பவர்கள் நடுவில் நிற்பவர்கள்தான்.

1983-இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சோஷியல் செக்யூரிட்டி நிதி தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது. அந்த ஆண்டின் நடுவிலேயே முழு ஓய்வூதியம் கொடுக்கப் பணம் இருக்காது என்ற நிலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிபர் ரொனால்ட் ரேகன், சீக்கிரமே ஓய்வு பெறுபவர்களின் தொகையைக் கணிசமாக வெட்டலாம் என்று யோசனை சொல்லிச் சூடுபட்டிருந்தார். 1981 மே மாதம் செனட் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது, 96-க்கு 0 என்ற கணக்கில். அவருடைய கட்சிதான் அப்போது செனட்டில் பெரும்பான்மை! ஒருவர் தனியாகக் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பிறகு பொருளாதார அறிஞர் ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில் 15 பேர் குழு. அதிபர் ஐந்து பேர், செனட் தலைமை ஐந்து பேர், பிரதிநிதிகள் சபை சபாநாயகர் டிப் ஓ'நீல் ஐந்து பேர் என்று நியமித்தார்கள். ஒரு வருடம் பேசினார்கள், எதுவும் ஆகவில்லை. 1983 ஜனவரி தொடக்கத்தில் செனட் அவையில் குடியரசுக் கட்சியின் பாப் டோலும் ஜனநாயகக் கட்சியின் டேனியல் பேட்ரிக் மொய்னிஹனும் பேசிக்கொண்டார்கள். இதை இப்படியே விடக் கூடாது, இன்னொரு தடவை முயலலாம் என்று. குழுவில் சிலரும் வெள்ளை மாளிகை ஆட்களும் சேர்ந்து தனியாக, பத்திரிகைகளின் கண்ணில் படாமல் கூடினார்கள். சில நாட்களில் உடன்பாடு வந்தது.

அதில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கசந்தது. பின்னால் வரவிருந்த வரி உயர்வு முன்கூட்டியே வந்தது. விலைவாசிக்கேற்ற ஓய்வூதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. வசதியான முதியோரின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதிக்கு முதல் தடவையாக வருமான வரி. புதிதாக வேலைக்குச் சேரும் மத்திய அரசு ஊழியர்களும் திட்டத்துக்குள் வந்தார்கள். நாடாளுமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: ஓய்வு வயதை 65-இலிருந்து 67-க்கு மெல்ல மெல்ல ஏற்றுவது. 1960-இல் அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் முழுதாக 67. சட்டம் வந்தபோது அவர்களில் மூத்தவருக்கே வயது 23. தன் ஓய்வூதியத்தைப் பற்றி அவர் அப்போது யோசித்திருப்பாரா என்பது சந்தேகம். தந்திரம்தான். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்தும் யாரும் அதை மாற்றவில்லை.

ஏழு ஆண்டுகளில் இன்னொரு சோதனை. ‘புதிய வரி கிடையாது’ என்று ஊரறியச் சத்தியம் செய்து 1988-இல் ஜெயித்தவர் முதலாம் ஜார்ஜ் புஷ். பற்றாக்குறை கைமீறிப் போனதும் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து வரியும் வெட்டும் சேர்ந்த ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். 1990 அக்டோபர் 5-இல் பிரதிநிதிகள் சபை அதைத் தூக்கியெறிந்தது: ஆதரவு 179, எதிர்ப்பு 254. வரி கூடாது என்று புஷ்ஷின் குடியரசுக் கட்சியிலேயே நியூட் கிங்ரிச் பக்கத்து ஆட்களும், வெட்டு கூடாது என்று எதிர்ப்பக்க இடதுசாரிகளும் ஒன்றாக எதிர்த்து வாக்களித்தார்கள். இரண்டு ஓரங்களும் கைகோத்து நடுவைச் சாய்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு அந்த நாள் ஒரு பாடம். செலவுக்கு அனுமதி இல்லாமல் அரசு சில நாள் முடங்கி, திருத்திய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் நிறைவேறியது.

வரி விகிதத்தைவிட அதில் முக்கியமானது ஒரு விதி: புதிதாக ஒரு சலுகையோ வரிக்குறைப்போ கொண்டுவந்தால் அதற்கான பணத்தை வேறெங்கிருந்தாவது காட்ட வேண்டும். 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்க பட்ஜெட்டில் உபரி வந்ததற்கு அந்த விதியும் ஒரு காரணம். பங்குச் சந்தை எழுச்சியும், பில் கிளின்டன் 1993-இல் எதிர்க்கட்சியின் ஒரு வாக்கும் இல்லாமல் கொண்டுவந்த வரி உயர்வும் மற்ற காரணங்கள். அந்த 1993 சட்டம் என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்பதை மறைக்கப் போவதில்லை. பழியை ஒரு கட்சியே முழுதாகச் சுமந்து, நல்ல வேலை செய்து, அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தை இழந்தது. புஷ்ஷும் 1992-இல் தோற்றார். 2002-இல் அந்த விதி காலாவதியானது. உபரியும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தது.

சரி, நடுவில் நிற்பவர்கள் என்றால் சிக்கனக்காரர்கள் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. பழியைப் பங்கு போடுவதைவிடப் பரிசைப் பங்கு போடுவது எல்லோருக்கும் பிடிக்கும். 2018 பிப்ரவரியில் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு பட்ஜெட் ஒப்பந்தம் போட்டன. ராணுவத்துக்கு ஒரு பக்கம் கேட்டது, உள்நாட்டுத் திட்டங்களுக்கு மறுபக்கம் கேட்டது. இரண்டையும் கொடுத்து, இரண்டு ஆண்டுகளில் சுமார் 30,000 கோடி டாலர் கூடுதலாக அனுமதித்துவிட்டு, கைகுலுக்கிக் கலைந்தார்கள். மிதமான ஒப்பந்தம் என்று பெயர்; பில் கடன் கணக்கில்.

பரிசே இல்லாமல் கசப்பை மட்டும் கொடுத்த முயற்சிக்கு நேர்ந்ததையும் பார்க்கலாம். 2010-இல் ஆலன் சிம்சன், எர்ஸ்கின் பௌல்ஸ் தலைமையில் 18 பேர் குழு சுமார் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் குறைக்கத் திட்டம் தந்தது. 14 பேர் ஆதரித்தால் நாடாளுமன்றத்துக்குப் போகும். ஆதரித்தவர்கள் 11 பேர். இன்றுவரை அதைப் பாராட்டாத தலையங்கம் இல்லை. நிறைவேற்றிய நாடாளுமன்றமும் இல்லை. 1983-இல் பணம் தீரும் தேதி மாதக் கணக்கில் நெருங்கியிருந்தது. 2010-இல் அப்படி எந்தத் தேதியும் இல்லை. நெருக்கடி வாசலுக்கு வராதவரை நடுவில் நிற்பவர்களிடம் பேரம் பேச ஆள் வருவதில்லை.

மிதவாதி என்ற சொல்லையே ஒரு வசைச்சொல்லாக மாற்றிய பெயர் ஒன்று உண்டென்றால் அது ஜோ மான்ச்சின். 2021-இல் செனட் 50-50 என்று பிளந்து கிடந்தது. செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்ற சிறப்பு பட்ஜெட் வழி ஒன்று உண்டு. அதில் போக பைடனுக்குத் தன் கட்சியின் 50 பேரும் தேவை. அந்த ஐம்பதாவது ஆள் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் மான்ச்சின். 3.5 லட்சம் கோடி டாலரில் ஆரம்பித்த சமூக நலத் திட்டம் அவர் கையில் தேய்ந்து தேய்ந்து, டிசம்பர் 19 அன்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் ‘முடியாது’ என்றதும் செத்தது.

அவர் சொன்ன ஒரு காரணத்தில் சரக்கு இருந்தது. குழந்தைகளுக்கான மாதாந்திர வரிச்சலுகையை மசோதா ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டித்தது. ஆனால் வரவுப் பக்கத்தில் பத்து வருட வரியைக் காட்டியது. ஒரு வருடம் கழித்து அதை நிறுத்தும் எண்ணம் யாருக்கும் இல்லை. நீட்டித்துக்கொண்டே போகலாம் என்பதுதான் திட்டம். இப்படித் தற்காலிகம் என்று எழுதியதையெல்லாம் நிரந்தரமாக்கினால் என்ன ஆகும் என்று குடியரசுக் கட்சியினர் கேட்டபோது, 1974 சட்டத்தால் உருவான, எந்தக் கட்சியையும் சாராத நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டுச் சொன்னது: பத்து ஆண்டுகளில் 3 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும். நடுவில் நிற்பவரிடம் எதிர்பார்க்கிற குறைந்தபட்ச வேலை இது: ‘உண்மையான விலை என்ன?’ என்று சொந்தக் கட்சியிடமே கேட்பது.

ஆனால் அதன் மறுபக்கம் ரொம்பக் கசப்பானது. அந்தக் குழந்தைச் சலுகை காலாவதியானது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில் குழந்தை வறுமை 2021-இல் 5.2 சதவீதமாக இருந்தது, 2022-இல் 12.4 சதவீதம். ஒரு கணக்கு வித்தையைக் கண்டித்ததற்கு இது மிகப் பெரிய விலை. சலுகையைச் சுருக்கி, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் பத்து வருடத்துக்கும் பணம் ஒதுக்கியிருந்தால் வித்தையும் இருந்திருக்காது, பிள்ளைகளும் தப்பியிருப்பார்கள். அந்த இடத்தில் மான்ச்சினும் விடாக்கொண்டன், அவர் கட்சித் தலைமையும் கொடாக்கண்டன். பிறகு அவரே 2022-இல் பேசி முடித்த சிறிய சட்டம், துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கோடு 51-50 என்று நிறைவேறியது. பருவநிலைக்கான பெரும் முதலீடும், மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசும் அதிகாரமும் அதில்தான் வந்தன. அடுத்த ஆண்டு அவர் மாநிலத்திலிருந்து புறப்படும் ஓர் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்கும் சட்டப்படி அனுமதி கிடைத்தது. நடுவில் நிற்பவர்களுக்கும் சொந்த ஊர் உண்டு.

அதே காலத்தில் பிறந்த இன்னொரு சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்லவரும் வித்தியாசம் தெரியும். சாலை, பாலம், குடிநீர், இணையம் ஆகியவற்றுக்குப் புதிதாக 55,000 கோடி டாலர் தரும் கட்டமைப்புச் சட்டம். குடியரசுக் கட்சியின் ராப் போர்ட்மேனும் ஜனநாயகக் கட்சியின் கிர்ஸ்டன் சினிமாவும் முன்னின்று பேசியது. 2021 ஆகஸ்டில் செனட்டில் 69-30. 2025-இல் ஆட்சி மாறியதும் டொனால்ட் டிரம்பின் பெரிய வரிச் சட்டம், மறுபடியும் 51-50 என்று நிறைவேறி, 2022 சட்டத்தின் தூய எரிசக்திச் சலுகைகளில் பெரும் பகுதியைச் சுருக்கியது அல்லது நிறுத்தியது. கட்டமைப்புச் சட்டத்தை அப்படித் திரும்பப் பெற அதே கட்சி முனையவில்லை. ஒரு வாக்கில் வந்தது ஒரு வாக்கில் போனது. போகிற போக்கில், செலவுக் கட்டுப்பாடு பேசும் கட்சியின் அந்த 2025 சட்டம் பத்து ஆண்டுகளில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் கூட்டும் என்பதும் அதே பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு.

அரசு முடங்கும்போது கதவைத் திறந்துவிடுவதும் நடுவில் நிற்பவர்கள்தான். அடி வாங்குவதும் அவர்கள்தான். 2018-19 முடக்கம் 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் மத்திய அரசு ஊழியர்கள் சம்பளமில்லாமல் இருந்தார்கள். 2025 அக்டோபர் 1-இல் தொடங்கியது அதையும் மிஞ்சி 43 நாள் ஓடியது. மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் வாக்கு என்றது ஜனநாயகக் கட்சி. கடைசியில் அந்த அணியின் எட்டு செனட்டர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்து 60 ஆக்கினார்கள். பதிலுக்குக் கிடைத்தது மானியம் இல்லை, மானியத்தைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. துரோகம் என்று சொந்தக் கட்சியினர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பேரத்தில் அவர்கள் மலிவாகப் போனார்கள். ஆனால் முடக்கம் முடிந்து சம்பளம் வாங்கியவர்களிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

இப்படி அடி வாங்குகிறவர்கள் அவையில் நிலைப்பதில்லை. ஸ்பெக்டர் 2009 வாக்குக்குப் பின் சில வாரங்களில் கட்சி மாறினார். மாறிய கட்சியின் வேட்பாளர் தேர்வில் தோற்றார். ஸ்னோ, இவ்வளவு பிளவில் வேலை செய்ய முடியாது என்று 2012 தேர்தலில் நிற்காமல் விலகினார். போர்ட்மேன் மறுபடி நிற்கவில்லை. மான்ச்சினும் சினிமாவும் கட்சியைவிட்டு சுயேச்சையானார்கள். 2024-இல் இருவரும் போட்டியிடவில்லை. பெரும்பாலான தொகுதிகள் இன்று ஏதாவது ஒரு கட்சிக்கு உறுதியானவை. அங்கே உண்மையான தேர்தல், கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுதான். அதில் வாக்களிக்க வருகிறவர்கள் கட்சியின் தீவிர ஆதரவாளர்கள். சமரசம் செய்தவரை அவர்கள் மன்னிப்பதில்லை.

1983-இல் ஒட்டுப்போட்ட சோஷியல் செக்யூரிட்டிக்கு மறுபடி தேதி வந்துவிட்டது. அதன் ஓய்வூதிய நிதிக் கையிருப்பு 2033 வாக்கில் தீர்ந்துபோகும், அதன் பிறகு வரும் வருமானத்தில் முழுத் தொகையில் 77 சதவீதம்தான் கொடுக்க முடியும் என்று 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் அதன் அறங்காவலர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எதுவும் செய்யாவிட்டால் அந்த வெட்டு தானாக நடக்கும், யாரும் வாக்களிக்கத் தேவையில்லை. ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டோம் என்று இரு கட்சித் தலைமைகளும் சொல்லிவருகின்றன. செனட்டர்களுக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். 2028-இல் தேர்வாகிறவர்கள் அந்தத் தேதி வரும்போது அவையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.